தேவாங்கு சொன்ன லேசான மாற்று

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது ஓர் இணையதளம் இருக்கிறது. சிங்கத்திடமாவது காலில் விழுந்து கெஞ்சலாம். இணையதளத்துக்குக் கால் கிடையாது.

கோடை தொடங்கியதும் காட்டு நிர்வாகம் அந்த இணையதளத்தில் ஓர் அறிவிப்பு போட்டது. மலைச்சரிவில் இருக்கும் சுனையில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு குடும்பமும் பதிவு செய்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சுனைக்கு வர வேண்டும். பௌர்ணமியோடு பதிவு முடிந்துவிடும். சீட்டு இல்லாதவர்கள் ஆற்று மடுவுக்குப் போகலாம். மடுவில் தண்ணீர் நிறைய உண்டு. பதிவு கிடையாது, வரிசை கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு முதலை மட்டும் உண்டு.

இந்த அறிவிப்பைக் கேட்டு அதிகம் பயந்தது வடிவு என்கிற புள்ளிமான்தான். மற்ற மான்களெல்லாம் மடுவில் இரண்டு வாய் தண்ணீரை உறிஞ்சிவிட்டு ஒரே தாவலில் கரையேறிவிடும். வடிவின் குட்டி தளிருக்கு அது முடியாது. பள்ளத்தில் விழுந்து பின்னங்கால் ஒடிந்து, இப்போதுதான் நொண்டி நொண்டி நடக்கப் பழகியிருந்தது. அதனால் வடிவுக்குக் கணக்கு எளிது. சுனைச் சீட்டு கிடைத்தால் குட்டி இருக்கும். கிடைக்காவிட்டால் இருக்காது.

பதிவு செய்து கொடுக்க அந்தக் காட்டில் ஒரே ஒரு சேவை மையம் இருந்தது. அதை நடத்தியது செங்கமலம் என்கிற கரடி. வனத்துறை கைவிட்டுப் போன காவல் கொட்டகை, கூரையில் ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு பழைய கணினி, ஒரு பிரிண்டர். வேலைக்குக் கூலி ஒரு பிடி இலுப்பைப் பூ. கணினி மிகவும் பழசு என்பதால் காசு கொடுத்து வாங்கும் எதுவும் அதில் ஏறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, அதன் மேல் பார்க்க அழகான ஒரு டெஸ்க்டாப்பும் போட்டுச் செங்கமலம் ஓட்டிக்கொண்டிருந்தது. எதைத் தொட்டாலும் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி முடிப்பதற்குள் செங்கமலம் பின்பக்கம் போய் ஒரு கரையான் புற்றை உடைத்துத் தின்றுவிட்டு வந்துவிடும். ஆனால் வந்து பார்த்தால் பக்கம் திறந்திருக்கும். மெதுவாக வேலை செய்கிறது என்று எல்லோரும் குறை சொன்னார்கள். வேலை செய்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

வடிவின் முறை வந்தது. பெயர், குளம்பு அளவு, புள்ளிகளின் படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக, தண்ணீர் கேட்பது நிஜமான பிராணிதானா என்று இணையதளத்துக்குச் சந்தேகம் வந்தது. 'புலி இருக்கும் படங்களை மட்டும் தொடவும்' என்று கேட்டது. படங்கள் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தன. முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. வரிசை விறைத்தது. பிறகு கண்கள் தெரிந்தன. வரிசை மொத்தமும் அலறிக்கொண்டு புதருக்குள் ஓடியது. திரும்பி வந்து, யாருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று சண்டை பிடித்தது. அடுத்த படத்தின் காதுகள் வந்தன. மறுபடி ஓடியது.

"என்ன செங்கமலக்கா, இது இன்னிக்கு முடியுமா முடியாதா?" என்று காட்டுப்பன்றி ஒன்று மூச்சு வாங்கக் கத்தியது.

"முடியும்யா. கொஞ்சம் பொறு. இன்னும் ரெண்டு காதுதான் பாக்கி" என்றது செங்கமலம்.

அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேலே வளைந்திருந்த கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, உங்க கணினி மெதுவா ஓடல. குண்டா இருக்கு. அதான் ஓட முடியல."

பரிதி என்கிற தேவாங்கு. குச்சிக் கை, குச்சிக் கால், முகம் முழுக்கக் கண். இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குப் போவதற்கு ஒரு காலைப்பொழுதையே எடுத்துக்கொள்ளும் பிராணி. ஆனால் கணினியில் ஒரு ஜன்னல் திறக்க ஒரு நொடி கூட ஆனால் அதற்குப் பொறுக்காது. பகலில் தூங்க வேண்டிய உயிர், தூங்காமல் அடுத்தவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். வேங்கை மரத்தில் இதே போன்ற தேவாங்குகள் கூடி 'மெலிவு மன்றம்' என்று ஒன்று வைத்திருந்தன. கணினியில் எதை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக எதைப் போடலாம் என்பது ஒன்றுதான் அங்கே பேச்சு. அந்தக் கணினியில் என்ன வேலை செய்யலாம் என்று ஒருவர் ஒருமுறை கேட்டாராம். அவரை நீக்கிவிட்டார்கள்.

"எல்லாம் ப்ளோட்டுக்கா. உப்பிப்போன சாஃப்ட்வேர்" என்றது பரிதி. "ஒவ்வொண்ணுக்கும் லேசான மாற்று இருக்கு. அதே வேலைய செய்யும். இடம் அடைக்காது. பாவம், இந்தக் கணினிய ஏன் இப்படிச் சுமக்க வைக்கிறீங்க?"

"தம்பி, பௌர்ணமி போகட்டும். சனங்க தண்ணிக்குப் பதியறாங்க. அப்புறம் சாவகாசமா மாத்திக்கலாம்" என்றது செங்கமலம்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கா."

கணினி தெரிந்த ஒருவர் அஞ்சு நிமிஷ வேலை என்று சொன்னால், உடனே அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். செங்கமலத்துக்கு அது தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களோ, "சார் சொல்றது நியாயந்தானே!" என்றார்கள். முதல் முறை கேட்கும் எந்த யோசனையும் வரிசையில் நிற்பவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். வடிவு மட்டும் இழுத்தது. "சார், எனக்கு இந்தப் புலி மட்டும் முடிஞ்சுட்டா போதும். அதுக்கப்புறம் நீங்க..."

"உங்களுக்காகத்தாம்மா செய்யறேன்" என்று சொல்லிக்கொண்டே பரிதி இறங்கத் தொடங்கியது. அது தரைக்கு வந்து சேர்வதற்குள் செங்கமலம் இன்னொரு புற்றையும் முடித்துவிட்டது.

முதலில் பிரவுசரை எடுத்தது. அதற்குப் பதிலாக எழுத்தை மட்டும் காட்டும் ஒரு பிரவுசரைப் போட்டது. சுனைப் பதிவுப் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வரிசை கைதட்டியது. காட்டுப்பன்றி உணர்ச்சிவசப்பட்டு மண்ணில் புரண்டது. வடிவு கிட்டே போய்ப் பார்த்தது. 'புலி இருக்கும் படங்களை மட்டும் தொடவும்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'படம், படம், படம், படம்' என்று எழுதியிருந்தது.

"சார், இதுல எது புலி?"

பரிதி கண்ணாலேயே முறைத்தது. அதற்கு அந்த வசதி அதிகம். "படம் எதுக்கும்மா? புலின்னு எழுத்துல போட்டா ஆகாதா? தப்பு நம்ம பிரவுசர்ல இல்ல. அந்த வெப்சைட்டை எழுதினவன் மேல."

"அவன் தப்புதான் சார். ஆனா சீட்டு அவன்கிட்டதானே இருக்கு?"

"நீங்க ஒண்ணொண்ணுக்கும் அவசரப்படறீங்க" என்று சொல்லிவிட்டுப் பரிதி டெஸ்க்டாப்பைக் கழற்றியது. அந்த இடத்தில் வந்தது வெறும் கறுப்புத் திரை. பட்டன் கிடையாது, பொம்மை கிடையாது. மவுஸ் சோம்பேறிகளுக்கு என்று அதையும் பிடுங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீபோர்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். செங்கமலத்தின் நகமோ ஒவ்வொன்றும் பாக்குவெட்டி நீளம். இதுவரை ஒரே ஒரு நகத்தால் மவுஸைத் தட்டிப் பிழைத்துவந்தது. இப்போது ஒன்றை அழுத்தினால் பத்து அழுந்தியது. திரை நான்காகப் பிளந்தது, எட்டாகப் பிளந்தது, பிறகு தலைகீழானது.

"ஐயோ தம்பி, எனக்கு இது வராதுப்பா!"

"பழகிட்டா விடவே மாட்டீங்கக்கா."

அடுத்து எழுத்துருக்கள் போயின. காட்டு மொழிக்கு இத்தனை ஃபாண்ட் எதற்கு என்று ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் ஒன்று கூட இல்லாமல் செய்துவிட்டது. அதற்குப் பிறகு திரையில் எதைத் திறந்தாலும் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. "எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாருங்க. எல்லா எழுத்தும் ஒரே அளவு" என்று பரிதி ரசித்தது. பிறகு அச்சடிக்கும் சேவை. "எப்பவாவது ஒரு சீட்டு பிரிண்ட் எடுக்கறதுக்காக, எப்பவும் முழிச்சிட்டு உக்காந்திருக்கு. வெட்டிச்சோறு" என்று சொல்லி அதையும் தூக்கியது. அன்றிலிருந்து பிரிண்டர் மேல் ஓணான் ஒன்று குடியேறிவிட்டது.

கடைசியில் திரையின் மூலையில் ஒரே ஒரு எண் மட்டும் மினுக்கியது. கணினி சும்மா இருக்கும்போது எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் எண். அதைப் பார்த்ததும் பரிதியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. மன்றத்துக்கு ஆள் அனுப்பியது. மன்றத்தார் வேங்கை மரத்திலிருந்து புறப்பட்டு, அவர்கள் வேகத்தில் ஊர்ந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். திரை முன்னால் வரிசையாக உட்கார்ந்து அந்த எண்ணை வழிபட்டார்கள். இதை இன்னும் குறைக்க முடியாதா என்று ஒருவர் ஏக்கப்பட்டார். மூலையில் ஓடும் கடிகாரத்துக்கு லேசான மாற்று எது என்று விவாதம் எழுந்தது. மூன்று கட்சியானார்கள். சூரியன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல, கடிகாரமும் போயிற்று.

"சார்," என்றது வடிவு, "சும்மா இருக்கும்போது கொஞ்சமா சாப்பிடுது சரி. வேலை செய்யும்போது எவ்வளவு சாப்பிடும்?"

மன்றம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "வேலை செய்யற கணினியை யாரும்மா அளப்பாங்க?" என்றது பரிதி.

வானத்தில் நிலா பருத்துக்கொண்டே வந்தது. அதை மட்டும் மெலியவைக்க மன்றத்தால் முடியவில்லை. சுனைக்கு வரிசையில் நின்றவர்களில் கால் பலமுள்ளவர்கள் பக்கத்துக் காட்டுச் சேவை மையத்துக்கு ஓடிப்போய்ப் பதிந்துகொண்டார்கள். முதலில் ஓடியது நியாயம் பேசிய காட்டுப்பன்றிதான். வடிவால் நொண்டிக் குட்டியை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது, தனியே விட்டுவிட்டும் போக முடியாது. அது கொட்டகை வாசலிலேயே நின்றது. தளிர் ஈரம் இருக்கும் இலைகளைத் தேடி நக்கிக்கொண்டிருந்தது.

பௌர்ணமியன்று வடிவு கெஞ்சியே விட்டது. "சார், பழையபடியே போட்டுக் குடுத்துடுங்க. மெதுவாவே ஓடட்டும். நான் காத்துக்கிட்டு இருக்கேன். என் குட்டிக்குத் தண்ணி வேணும் சார். இன்னிக்குத்தான் கடைசி."

"பழையபடியா?" பரிதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "இவ்வளவு குறைச்ச பிறகா? எவ்வளவு பேர் பாடுபட்டிருக்கோம்!"

"அட, அந்தப் படம் காட்டற பிரவுசரையாவது திரும்பப் போட்டு ஒரு தடவை திறந்து வுடு தம்பி" என்றது செங்கமலம். அதற்கே அழுகை முட்டியது. ஊரே தன்னைத் திட்டுகிறது என்று அதற்குத் தெரியும். இலுப்பைப் பூ வரத்தும் நின்றுவிட்டிருந்தது.

"திறக்கலாம்கா. ஆனா திறந்தா அந்த நம்பர் ஏறிடும். மத்தக் காட்டு மன்றங்களுக்குக் காட்டறதுக்கு அதை அப்படியே திரையோட படம் எடுக்கணும். எடுத்ததும் திறந்துடலாம். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

"அப்ப எடு!"

எடுக்க முடியவில்லை. திரையைப் படமெடுக்கும் மென்பொருளும் அனாவசியம் என்று அவர்கள் ஏற்கெனவே நீக்கியிருந்தார்கள். சரி, ஒன்றைப் போடலாம் என்றார் ஒருவர். எதைப் போடுவது? அதில் லேசானது எது? ஒன்று சின்னது, ஆனால் அது தன்னோடு இன்னொன்றைக் கூட்டிவரும். மற்றொன்று தனியாக வரும், ஆனால் கொஞ்சம் பெரியது. மூன்றாவதை நாமே எழுதிவிடலாம் என்றது இளந்தேவாங்கு ஒன்று. மன்றம் உட்கார்ந்து பேசியது. வெயில் ஏறியது, பேசியது. வெயில் இறங்கியது, பேசியது. வடிவு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. எல்லாம் கண்களாகவே இருந்தன, ஒன்றுகூடத் தளிரைப் பார்க்கவில்லை. நிலா உதித்தது. பதிவு முடிந்தது.

மறுநாள் வடிவு வந்து நின்றபோது பரிதி குற்ற உணர்ச்சி என்று எதையும் வைத்திருக்கவில்லை. அதையும் இடம் அடைக்கிறது என்று எடுத்திருக்கும்.

"இனி நான் என்ன சார் செய்யட்டும்?"

"உண்மையைச் சொல்லட்டுமா? அந்தச் சுனையே ப்ளோட்டும்மா. பதிவு, சீட்டு, வரிசை, காவலுக்கு ரெண்டு ஓநாய். ஒரு வாய் தண்ணிக்கு எவ்வளவு சுமை! மடுவைப் பாருங்க. பாஸ்வேர்டு கேக்காது. நேரா இறங்கலாம். குடிக்கலாம். சுனைக்கு லேசான மாற்று அதுதான்."

"அங்க முதலை இருக்கே சார்."

"ஒரே ஒரு முதலைதானே? இங்க எத்தனை விதிமுறை இருக்கு, எண்ணிப் பாருங்க."

செங்கமலம் எதையாவது எடுத்து எறியலாமா என்று சுற்றிப் பார்த்தது. கொட்டகையில் எறிவதற்குக்கூட எதுவும் மிச்சமில்லை. வடிவு கோபப்படவில்லை. தளிரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"பெரிசா ஒண்ணு இருக்கற இடத்துல சின்னதா ஒண்ணை வெச்சா, அதே வேலை நடக்கும்னு சொல்றீங்க. அப்படித்தானே சார்?"

"எங்க வேணும்னாலும் சரி. எதுக்கு வேணும்னாலும் சரி. எங்க மன்றத்தோட கொள்கையே அதுதான்."

"எனக்கு அதை எடுத்துச் சொல்ல வராது. நீங்க ஒரு நடை மடுவுக்கு வந்து, முதலைகிட்ட உங்க வாயால சொல்லுவீங்களா? அது சாப்பாட்டு விஷயத்துல ரொம்ப கனமா இருக்குதுன்னு கேள்வி."

பரிதியின் முகம் மலர்ந்தது. கேட்காமலேயே அறிவுரை சொல்லிப் பழகிய பிராணி, கேட்டு அழைத்தால் நரகத்துக்கும் வரும். வடிவின் முதுகில் ஏறிக்கொண்டது. ஏறியதே வடிவுக்குத் தெரியவில்லை, அவ்வளவு லேசு.

மடுவில் முதலை கரையோரமாகக் கிடந்தது. தளிரின் நடையை அது தூரத்திலிருந்தே கவனித்துவிட்டது. அதன் பேச்சில் தேன் ஒழுகியது. "வாம்மா வடிவு. குட்டியையும் கூட்டிட்டு வந்திருக்கியே, சந்தோஷம். இறங்கி நல்லா குடிக்கச் சொல்லு. பாவம், காலு வேற சரியில்ல."

"குடிக்கும் அண்ணே. அதுக்கு முன்னாடி உங்க நல்லதுக்கு ஒரு வார்த்தை" என்றது வடிவு. "நீங்க மான் சாப்பிடறீங்க. மான் எவ்வளவு கனம்! ஒண்ணை முழுங்கிட்டா அப்புறம் நாள் கணக்கா அசைய முடியாம கரையில கிடக்கறீங்க. கூப்பிட்டாக்கூட திரும்பறதில்ல. அப்படியே உறைஞ்சு போயிடறீங்க."

முதலை யோசித்தது. "ஆமா. வயசாக ஆக அது ஜாஸ்தியாத்தான் இருக்கு."

"அதே வேலைய செய்யற லேசான மாற்று ஒண்ணு இருக்கு. சார், நீங்களே சொல்லுங்க."

முதலை வடிவின் முதுகைப் பார்த்தது. "இதா? இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

பரிதிக்கு இந்தப் பேச்சு எங்கே போகிறது என்று புரிந்ததா என்று கேட்காதீர்கள். அது காதில் வாங்கியது ஒன்றைத்தான். லேசானதை ஒருவர் இளக்காரமாகப் பேசிவிட்டார். அது பொறுக்குமா?

"மன்னிக்கணும். ஒண்ணுமே இல்லைங்கறதுதான் அதோட பெருமையே!" என்று கீச்சிட்டுக்கொண்டு அது வடிவின் தலைமேல் ஏறி நின்றது. "மானைப் பாருங்க. அந்தப் புள்ளியெல்லாம் எதுக்கு? வெறும் அலங்காரம். அது உங்க வயித்துக்குள்ள போய் என்ன வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யல" என்று முதலை ஒப்புக்கொண்டது.

"குளம்பு?"

"தொண்டையில மாட்டும்."

"எங்ககிட்ட குளம்பே கிடையாது. வாலும் கிடையாது."

"வாலையே எடுத்துட்டீங்களா!"

"பொறக்கும்போதே வராது. தேவையில்லாத எதையும் நாங்க சேர்க்கறதில்ல."

முதலைக்கு ஆர்வம் வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. "ஆனா தம்பி, மான்ல தொடைக்கறின்னு ஒண்ணு இருக்கு பாரு. அது இதுல இல்லையே?"

"அந்தத் தொடைக்கறிய எத்தனை நாளைக்கு ஒரு தடவை நீங்க பயன்படுத்தறீங்க? எப்பவாவது! அதுக்காக எப்பவும் சுமந்துக்கிட்டே இருப்பீங்களா? கறின்னா என்ன? எலும்பைச் சுத்தி உப்பிக்கிட்டு இருக்கறது. அடிப்படைத் தேவை எலும்பும் தோலும்தான். ரெண்டும் இங்க இருக்கு. ருசிங்கறது மேல்பூச்சு."

"உள்ள இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"உடனே. இறங்கினதே தெரியாது."

"அப்ப ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?"

"தாராளமா. சோதிச்சுப் பாக்காம யார் சொன்னாலும் எதையும் மாத்தாதீங்க" என்றது பரிதி.

அது சொன்ன கடைசி வார்த்தை அதுதான். நல்ல வார்த்தை. செங்கமலத்தின் கொட்டகையில் சொல்லியிருக்கலாம்.

முதலை வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்தது. அதற்குள் தளிர் தண்ணீரில் முகத்தை வைத்து, காய்ந்து கிடந்த வயிறு உப்பும் வரை குடித்தது. வடிவு அதன் பின்னால் நின்றுகொண்டு முதலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

முதலை கண்ணைத் திறந்தது. "வேகம் ரொம்ப நல்லாருக்கு. ஆரம்பிச்சதும் தெரியல, முடிஞ்சதும் தெரியல. ஆனா வடிவு..." அதன் பார்வை மெல்லத் தளிரின் காலுக்கு வந்தது. "பசி அப்படியே இருக்கே."

வடிவுக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அது கொட்டகை வாசலில் நாள் கணக்காக நின்ற மான். மன்றத்தின் பேச்சு முழுவதும் அதற்கு மனப்பாடம். "ஒண்ணை வெச்சே எல்லாம் நடக்கணும்னு நினைக்கறது பழைய வழக்கம் அண்ணே. இந்த முறையில சின்னச் சின்னதா நிறைய வெச்சுக்கணும். காலைப் பசிக்கு ஒண்ணு, மத்தியானப் பசிக்கு ஒண்ணு. எல்லாம் சேர்ந்துதான் ஒரு மானோட வேலைய செய்யும்."

"நிறைய இருக்கா?"

"வேங்கை மரத்துல ஒரு மன்றமே இருக்கு."

"எனக்கு மரம் ஏற வராதேம்மா."

"நீங்க ஏன் ஏறணும்? உங்களுக்குள்ள யார் ரொம்ப லேசுன்னு அளந்து சொல்றேன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. அவங்களே இறங்கி வருவாங்க."

வந்தார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு, அதாவது அவர்கள் வேகத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அளக்கும் கருவி முதலையின் நாக்கு. ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள், ரோமம் நனைந்திருக்கும்போது அளப்பது செல்லுமா, காலையில் சாப்பிட்ட பூச்சியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். உள்ளே போனவர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரே ஒருவர் கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாத அளவுக்கு லேசாயிட்டாரு" என்றது முதலை.

வரிசை பொறாமையில் பெருமூச்சு விட்டது. கேட்டவர் மற்றவர்களை முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றார்.

இப்படியாகக் கோடை முழுவதும் காலையிலும் மாலையிலும் முதலை அளந்துகொண்டிருந்தது. அது அளக்கும் நேரம் பார்த்துத் தளிர் மடுவில் நிதானமாகத் தண்ணீர் குடித்தது. அதன் கால் தேறியது. மழைக்கு முன்னால் தாவவும் கற்றுக்கொண்டது. லேசான சாப்பாட்டை ஓயாமல் தின்ற முதலை, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நகர முடியாத அளவுக்குப் பருத்துப்போனது. செங்கமலம் பழைய டெஸ்க்டாப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டது. வட்டம் சுற்றியது. பிரிண்டர் மேலிருந்த ஓணானை மட்டும் கிளப்ப மனம் வராமல், சீட்டு அச்சடிக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது.

மழை பிடித்து, காடெங்கும் தண்ணீர் நின்ற பிறகு, சுனையில் குடிப்பதற்கான பதிவுக் கெடு நீட்டிக்கப்பட்டிருப்பதாக இணையதளம் அறிவித்தது. வடிவு போய் வரிசையில் நின்றது. அடுத்த கோடைக்கு ஆகுமே. திரையில் மெல்ல இரண்டு காதுகள் தெரிந்தன. வரிசை அலறி ஓடியது. வடிவு மட்டும் நகரவில்லை. படம் முழுவதும் வரும்வரை காத்திருந்து, புலியைத் தொட்டது.

"என்ன செங்கமலக்கா, இதுக்கு லேசா ஒண்ணும் கிடையாதா?" என்று புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றி கத்தியது.

வடிவு திரும்பி அதைப் பார்த்தது. தலையிலிருந்து வால் வரை ஒருமுறை அளந்தது. "இருக்கு சார்," என்றது மரியாதையாக. "ஒரு நடை மடு வரைக்கும் வர்றீங்களா?"

நீதி: லேசான மாற்று சொல்ல வருபவரை விரட்டிவிடாதீர்கள், கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலை உங்கள் குட்டியைக் கேட்கும் நாளில், கொடுப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?